காற்றுக்குக் கேட்டதை இருமலுக்குக் கேட்கவில்லை

என் மகனுக்கு,

இதைப் போனில் சொல்லத்தான் உனக்கு இரண்டு தரம் எடுத்தேன். முதல் தரம் எடுத்தபோது இங்கே பொழுதுபடுகிற நேரம், வெளிநாட்டில் உனக்குக் காலை; நீ வேலைக்கு வெளிக்கிட்டுக்கொண்டு நின்றாய். "என்னப்பா, கெதியாச் சொல்லுங்கோ, பஸ் போயிடும்" என்றாய். இங்கே நல்ல மழை என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். மழை பெய்யவே இல்லை. இரண்டாம் தரம் நீ "ஹலோ" என்றதும் "கேக்கேல்லை, கேக்கேல்லை" என்றேன். லைன் சரியில்லாதவன் மாதிரி வெட்டிவிட்டேன். இருபத்திரண்டு வருடமாகக் குருநகர்க் கரையில் மீன்பிடிச் சங்கத்து மைக்கைப் பிடித்து ஊருக்கே அறிவித்தல் சொல்லுகிற மனிதன் நான். சொந்த மகனிடம் ஒரு வசனம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதனால் கையால் எழுதிப் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து அனுப்புகிறேன். குறுக்கே கதைக்காமல் கடைசிவரை வாசி.

முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். அம்மா பெரியாஸ்பத்திரியில் இருக்கிறார். இன்றைக்கு மூன்றாவது நாள். இடது காலின் சின்ன விரலில் புண் வந்து, பக்கத்து விரலுக்கும் ஏறிவிட்டது. நாளைக் காலை எட்டு மணிக்குப் பெரிய டொக்டர் வந்து பார்த்து, விரலோடு போகுமா, இல்லை அதற்கு மேலும் எடுக்க வேண்டி வருமா என்று சொல்லப் போகிறார். "தம்பிக்குச் சொல்லாதேங்கோ, அவன் உடைஞ்சு போவான்" என்று செபமாலையைத் தொட்டு என்னிடம் சத்தியம் வாங்கிய பிறகுதான் அம்மா ஆட்டோவில் ஏறினார். அந்தச் சத்தியத்தை இப்போது மீறுகிறேன். வேறு வழி தெரியவில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது, தம்பி. சண்டைக் காலத்தில் உன்னை மடியில் வைத்துக்கொண்டு பங்கருக்குள் இருந்தபோதுகூட நான் இப்படிப் பயந்ததில்லை. எழுத்தைப் பார்த்தால் உனக்கே விளங்கும்.

அம்மாவின் காலை வெட்டியது சிப்பி. மீன் வாங்கப் போன இடத்தில் செருப்புக்குள் ஒரு துண்டு ஏறி விரலைக் கிழித்திருக்கிறது. இந்தக் கரையில் பிறந்தவர்களுக்கு அது ஒரு காயமே இல்லை. கழுவிவிட்டு நடப்போம். ஆனால் அதற்கு ஐந்து கிழமைக்கு முதலே அம்மா சீனி வருத்தத்துக்கு விழுங்குகிற குளிசையை நிறுத்திவிட்டார். எனக்குத் தெரியாது. விடிய எழும்பித் தண்ணீர் எடுப்பார், குளிசையைக் கையில் வைப்பார், நான் முகத்தைத் திருப்பியதும் அது பிஸ்கட் டின்னுக்குள் போய்விடும். கிளினிக் நாளில் கொப்பியையும் தூக்கிக்கொண்டு வெளிக்கிட்டு, ஆஸ்பத்திரிக்குப் போகாமல் கோயிலில் இருந்துவிட்டுத் திரும்பியிருக்கிறார். கலியாணம் கட்டிய நாளிலிருந்து உன் அம்மா எனக்குப் பொய் சொல்லி நான் கண்டதில்லை. இந்தப் பொய் உனக்காகச் சொன்னது.

நான் எப்படிக் கண்டுபிடித்தேன் என்று கேள். முந்தநாள் விடியக்காலை அறைக்குள் ஒரு மணம். எலி ஏதும் செத்துக் கிடக்கிறது என்று நினைத்து அலுமாரியை இழுத்துப் பார்த்தேன். பிறகு கட்டிலுக்குக் கீழே குனிந்தேன். கட்டிலில் இருந்து தொங்கிக்கொண்டிருந்த அம்மாவின் கால் என் முகத்துக்கு நேரே இருந்தது. துணியால் சுற்றியிருந்தார். அவிழ்க்கச் சொன்னேன். மறுத்தார். நானே அவிழ்த்தேன். "என்னப்பா இது?" என்று கத்தியதுதான் ஞாபகம்.

"கத்தாதேங்கோ. உது ஒண்டும் இல்லை. உடம்பிலை இருக்கிற நஞ்சு வெளியிலை போகுது. தம்பி சொன்னவன்தானே, முதல் இப்பிடித்தான் இருக்குமாம்."

அதைச் சொல்லும்போது அம்மாவின் முகத்தில் ஒரு பொட்டுப் பயம் இல்லை, தம்பி. பெருமைதான் இருந்தது. மகன் சொன்னது அப்படியே நடக்கிறது என்ற பெருமை. பயம் முழுக்க என்னிடம் வந்து சேர்ந்தது.

உன் வீடியோவில் நீ சொன்னதை இந்த மூன்று நாளில் எத்தனை தரம் கேட்டேனோ தெரியாது. இப்போது எனக்கு அது பாடம். "அம்மாமாரே, ஐயாமாரே, நாப்பது நாள், நாப்பதே நாள், குளிசையை ஒரு பக்கம் வைச்சிட்டு வெந்தயமும் கறுவாப்பட்டையும் ஊறவிட்ட தண்ணியைக் குடிச்சுப் பாருங்கோ. முதல் களைப்பு வரும், தலை சுத்தும், புண் ஏதும் இருந்தால் ஆறச் சுணங்கும். பயப்படாதேங்கோ, உடம்பு தன்னைத்தானே சுத்தம் பண்ணுது. இன்சுலின் ஊசிக்கு மட்டும் போயிடாதேங்கோ, தொடங்கினால் பிறகு விடேலாது." எவ்வளவு ஆறுதலாகச் சொல்கிறாய் நீ! எங்கள் ஊர்ப் பேச்சில், பக்கத்தில் இருந்து கையைப் பிடித்துச் சொல்வது மாதிரி. அதைக் கேட்டால் நானே குளிசையை விட்டிருப்பேன்.

இங்கே என் பிழை ஒன்றைச் சொல்ல வேண்டும். அந்த வீடியோ வந்த அன்றைக்கே நான் பார்த்தேன். பார்த்ததும் எனக்குச் சந்தேகம் வந்தது. இதை உனக்கு யார் சொன்னது என்று அந்த நிமிடமே கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. பின்னேரம் நீ எடுத்தபோது "நல்லாக் கதைக்கிறாய் ராசா" என்று சொன்னேன். ஏன் தெரியுமா? உன்னைக் கேள்வி கேட்கிற முகம் எனக்கு இல்லை. அந்த முகத்தை நான் மூன்று வருடத்துக்கு முன்னால் இழந்துவிட்டேன். அந்தக் கதை அம்மாவுக்கும் தெரியாது, உனக்கும் தெரியாது. கோயிலில் சுவாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் சொல்லும்போதுகூடச் சுற்றி வளைத்துத்தான் சொன்னேன். இன்றைக்கு நேரே சொல்கிறேன்.

நான் காற்று அறிவித்தல் சொல்கிற முறை உனக்குத் தெரியும். சங்கத்து மைக்கில் சாவு சொல்வேன், கூட்டம் சொல்வேன், கோயில் விசேஷம் சொல்வேன், ஆனால் காற்றைச் சொல்வதற்கு மட்டும் நானே எனக்கு வைத்த சட்டம் உண்டு. வானிலைக் கந்தோருக்குப் போன் எடுப்பேன். அவர்கள் சொல்வதை அறிவித்தல் கொப்பியில் எழுதுவேன். எழுதியதைத் திருப்பி வாசித்துக் காட்டுவேன். சொன்னவரின் பெயர், சொன்ன மணி, எந்தக் கடல், எப்போது வரைக்கும் என்று நாலும் எழுதாமல் மைக்கைத் தொட மாட்டேன். நீ பத்தாம் வகுப்புப் படிக்கும்போது ஒருநாள் ஓடிவந்து, "அப்பா, சூறாவளி வருதாம், எல்லாப் பெடியளும் சொல்லுறாங்கள், மைக்கிலை சொல்லுங்கோ" என்றாய். "ஆர் சொன்னது? எந்தக் கந்தோர்? எந்தக் கடலுக்கு?" என்று கேட்டேன். உனக்குக் கோபம் வந்தது. "எல்லாரும் சாகப்போகினம், நீங்கள் பேர் கேட்டுக்கொண்டு நில்லுங்கோ" என்று புத்தகப் பையை எறிந்தாய். கந்தோருக்கு எடுத்தேன். எச்சரிக்கை கிழக்குக் கடலுக்கு. எங்கள் கடலுக்கு இல்லை. அன்றைக்கு எங்கள் வள்ளங்கள் போய்ப் பத்திரமாகத் திரும்பி வந்தன. "அப்பா சரியான விடாக்கண்டன்" என்று அம்மாவிடம் சொல்லிச் சிரித்தாய். எனக்கும் அதில் ஒரு தலைக்கனம் இருந்தது, பொய் சொல்வானேன். நான் வரும் என்றால் காற்று வரும், வராது என்றால் வராது என்று ஊர் நம்பியது.

இனித்தான் அந்தக் கதை. லண்டனில் இருக்கிற உன் பெரிய மாமா குடும்பக் குழுவில் ஒரு செய்தி போட்டார். சிவப்பு இதயம் ஒன்று மேலே. தனியே இருக்கும்போது நெஞ்சு வலி வந்தால் பதற வேண்டாம், மூச்சை இழுத்துப் பலமாக இருமிக்கொண்டே இருங்கள், இதயம் தானாகச் சரிவந்துவிடும், இது பெரிய ஆஸ்பத்திரி டொக்டர் ஒருவர் சொன்னது, பத்துப் பேருக்கு அனுப்பினால் ஓர் உயிராவது தப்பும். இவ்வளவுதான். எனக்கு உடனே கடலில் நிற்கிற மனிதர்கள்தான் ஞாபகம் வந்தார்கள். கரைக்கு வர இரண்டு மணி நேரம் எடுக்கும் இடத்தில் நெஞ்சைப் பிடித்தால் அவர்கள் என்ன செய்வார்கள்? இது தெரிந்தால் எத்தனை பேர் தப்புவார்கள்? சத்தியமாக நல்லது செய்யத்தான் நினைத்தேன். போனைப் பார்த்து அந்தச் செய்தியை அறிவித்தல் கொப்பியில் காற்றுக்குக் கீழே எழுதினேன். அங்கேதான் விழுந்தேன், தம்பி. போனில் இருந்தபோது அது யாரோ அனுப்பிய செய்தி. கொப்பியில் என் கையெழுத்தில், காற்றுக்கு அடுத்த வரியில் இருந்தபோது எனக்கே அது அறிவித்தலாகத் தெரிந்தது. எந்த டொக்டர், எந்த ஆஸ்பத்திரி, எப்போது சொன்னது என்று நான் கேட்கவில்லை. லண்டனிலிருந்து, சொந்த மச்சானிடமிருந்து வந்ததை என்னவென்று கேட்பது? மூன்று நாள் வாசித்தேன். முதலில் காற்று, பிறகு இருமல். ஒரே குரலில்.

சவிரிமுத்துவை உனக்குத் தெரியும். நீ பெரியப்பா என்று கூப்பிடுகிற, உனக்கு முதல் முதலாக இஞ்சின் இழுக்கக் காட்டித் தந்த சவிரியண்ணை. பிறகு சில கிழமையில் அவரும் அவருடைய தம்பி அருளப்பும் தொழிலுக்குப் போயிருந்தார்கள். விடியும் நேரம் வலை இழுக்கும்போது சவிரியண்ணை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு குந்திவிட்டார். வேர்த்து ஊற்றியிருக்கிறது. வலையை அறுத்துவிட்டுத் திரும்புவோம் என்று அருளப்பு இஞ்சினில் கை வைத்திருக்கிறான். "விசரா, வலையை விட்டிட்டுப் போறதே? மைக்கிலை சொன்னது கேக்கேல்லையே? இருமினால் சரிவரும்" என்று அண்ணன் தடுத்திருக்கிறார். இருமியிருக்கிறார். இருமி இருமி வலையையும் இழுத்திருக்கிறார். முக்கால் மணி நேரமோ ஒரு மணி நேரமோ. பிறகு வலைக்கு மேலேயே விழுந்துவிட்டார். கரைக்கு வரும்போது மூச்சு இருந்தது. நான்தான் ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். அங்கே நின்ற டொக்டர் பிள்ளை, சின்னப் பிள்ளை, எங்களைப் பார்த்துத் திகைத்துப்போய்க் கேட்டாள்: "நெஞ்சு நொந்த உடனை ஏன் வரேல்லை? இருமுறதாலை ஒண்டும் நடக்காது ஐயா. அந்த நேரம் முழுக்க வீணாப் போச்சு." அருளப்புக்கு அது காதில் விழவில்லை. அவன் நிலத்தில் இருந்து அழுதுகொண்டிருந்தான். என் காதில் விழுந்தது.

சவிரியண்ணையின் சாவையும் நான்தான் மைக்கில் சொன்னேன். அதே மைக். செத்தவீட்டில் அருளப்பு என் கையைப் பிடித்துக்கொண்டு என்ன சொன்னான் தெரியுமா? "நீங்கள் சொன்ன மாதிரியே செய்தவர் அண்ணை. கடைசிமட்டும் இருமினவர். அவருக்கு நேரம் வந்திட்டுது, என்ன செய்யிறது." எனக்கு நன்றி சொன்னான், தம்பி. றோசலினக்கா, சவிரியண்ணையின் மனைவி, பெட்டிக்குப் பக்கத்தில் இருந்து அதைக் கேட்டுத் தலையாட்டினார். அவர்கள் என்னைத் திட்டியிருந்தால், கல்லால் எறிந்திருந்தால் இதைவிட நல்லது. டொக்டர் பிள்ளை சொன்னதை நான் அவர்களுக்குச் சொல்லவில்லை. அடுத்த நாள் அறிவித்தல் கொப்பியில் அந்தப் பக்கத்தைக் கிழித்து அடுப்பில் போட்டேன். அதோடு முடிந்தது என்று நினைத்தேன். மூன்று வருடமாக இந்தக் கரையில் யார் இருமினாலும் நான் எழும்பிப் பார்க்கிறேன். இன்னும் எத்தனை வீட்டில் அந்த இருமலை நம்பிக்கொண்டு இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. பக்கத்தைக் கிழித்தால் காதில் விழுந்தது போய்விடுமா?

நீ என்ன சொல்வாய் என்று எனக்குத் தெரியும். வீடியோ போடத் தொடங்கிய நாளில் சொன்னதுதான்: "அப்பா, இங்கிலீசிலை எல்லாம் கிடக்கு. எங்கடை சனத்துக்குத் தமிழிலை ஆர் சொல்லுறது?" நீ சொல்வது சரி. நானே ஒத்துக்கொள்கிறேன். அம்மா கிளினிக்குக்கு விடியப் போய் நம்பர் எடுத்து, பத்து மணிவரை மர வாங்கில் குந்தியிருந்து, உள்ளே போனால் இரண்டு நிமிடம். டொக்டர் பாவம், வெளியே இன்னும் நூறு பேர். கொப்பியில் இங்கிலீசில் எழுதுவார். கேட்க நினைத்ததை மறந்து அம்மா திரும்பி வருவார். வீட்டுக்கு வந்து போனைத் திறந்தால் நீ இருக்கிறாய். அவசரப்படாமல், சிரித்துக்கொண்டு, "அம்மாமாரே" என்கிறாய். யாரை நம்புவார் சொல்லு? நம்புகிற ஆளாக நீ வந்துவிட்டாய். அதுதான் நான் பயப்படுகிற இடம். உன் வீடியோவுக்குக் கீழே எழுதியிருப்பதையெல்லாம் நேற்று முழுக்க வாசித்தேன். சாவகச்சேரியில் ஒரு தாய், "நானும் நிப்பாட்டிட்டன் தம்பி, நன்றி" என்று எழுதியிருக்கிறார். சண்டிலிப்பாயில் தோட்டம் செய்கிற ஒருவர் தன் தகப்பனுக்குக் கொடுப்பதாக எழுதியிருக்கிறார். அவர்களின் கால்கள் எப்படி இருக்கின்றனவோ. யார் போய்க் கட்டிலுக்குக் கீழே குனிந்து பார்ப்பது?

இன்று காலை ஆஸ்பத்திரி வாட்டில் ஒரு தாதிப் பிள்ளை, எங்கள் பக்கத்து மிசிதான், மருந்து கட்டிவிட்டுப் போகும்போது நான் உன் வீடியோவைக் காட்டினேன். நீ கீழே ஓர் இணையப் பக்கத்தின் முகவரி கொடுத்திருந்தாயே, அதை அழுத்தினாள். எல்லாம் இங்கிலீசு. அவள் கீழே கீழே இழுத்துக்கொண்டு போனாள். "ஐயா, ஆர் எழுதினது எண்டு பேர் இல்லை. எப்ப எழுதினது எண்டும் இல்லை. ஆருக்குச் சரிவரும், ஆருக்குச் சரிவராது எண்டு ஒரு வரி இல்லை. கடைசியிலை வெந்தயத் தூள் விக்கிற பொத்தான் கிடக்கு, பாருங்கோ" என்றாள். எனக்குக் கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது. பெயர், நேரம், எந்தக் கடலுக்கு. காற்றுக்கு நான் கேட்கிற அதே கேள்விகளை அந்தப் பிள்ளை குளிசைக்குக் கேட்கிறாள். பிறகு அவளே அரசாங்கத்துச் சுகாதாரப் பக்கம் ஒன்றைத் தமிழில் எடுத்துக் காட்டினாள். வறண்ட எழுத்து, உன்னைப் போல அழகாக இல்லை. ஆனால் எழுதிய பிரிவின் பெயர் இருந்தது, திகதி இருந்தது, கிளினிக்கில் கேட்காமல் குளிசையைக் கூட்டவோ குறைக்கவோ விடவோ வேண்டாம் என்று இருந்தது. சீனி வருத்தக்காரர் தினமும் தங்கள் கால்களில் காயம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்றும் இருந்தது. தினமும் காலைப் பார்க்க வேண்டும். இது ஒரு வரி. இது தமிழில் இவ்வளவு நாளும் அந்தப் போனுக்குள்ளேயே இருந்திருக்கிறது. எங்களுக்கு எடுத்துக் காட்ட ஆள் இல்லை. அந்த ஆளாக நீ இருந்திருக்கலாம், மகனே. இன்னமும் இருக்கலாம். அந்த வறண்ட வரியை உன் வாயால் சொன்னால் ஊர் முழுக்கக் கேட்கும். வேறு எதைச் சொல்வதென்றாலும் யார் சொன்னது, எப்போது சொன்னது, யாருக்குப் பொருந்தாது என்று முதலில் சொல். கீழே தூள் விற்கிறார்களா என்று பார். தெரியாததைத் தெரியாது என்று சொல். அதைச் சொன்னால் ஆட்கள் குறைந்துபோவார்கள் என்று பயப்படாதே. நான் எத்தனையோ நாள் மைக்கில் "இண்டைக்குக் கந்தோரிலை போன் எடுக்கேல்லை, காற்றுத் தெரியாது" என்று சொல்லியிருக்கிறேன். யாரும் என்னைக் கோபித்ததில்லை.

மத்தியானம் ஆஸ்பத்திரியிலிருந்து நேரே றோசலினக்கா வீட்டுக்குப் போனேன். கருவாடு திருப்பிப் போட்டுக்கொண்டு நின்றார். முற்றத்தில் நின்றபடியே சொன்னேன். இருமல் செய்தி பொய், நான் விசாரிக்காமல் வாசித்தேன், டொக்டர் பிள்ளை அன்றைக்கே சொன்னாள், நான் மூன்று வருடமாக மறைத்தேன். அவர் நிமிரவில்லை. கடைசிக் கருவாட்டையும் திருப்பிப் போட்டார். பிறகு என்னைப் பார்த்தார். அழுவார் என்று நினைத்தேன், திட்டுவார் என்று நினைத்தேன்.

"உதை எனக்கு ஏன் தனியச் சொல்லுறியள், தம்பி? மைக்கிலை சொன்னதை மைக்கிலை போய்ச் சொல்லுங்கோ" என்றார். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். மன்னிப்புத் தரவில்லை. நானும் அதைக் கேட்கத் துணியவில்லை.

பின்னேரம் நாலு மணிக்கு, கிழிந்த வலை பொத்துகிறவர்கள் எல்லோரும் கரையில் இருக்கிற நேரம், மைக்கைப் போட்டேன். "மூன்று வருடத்துக்கு முன்னால் நெஞ்சு வலிக்கு இருமச் சொல்லி நான் வாசித்த அறிவித்தல் பிழை. அதை எந்தக் கந்தோரும் எனக்குச் சொல்லவில்லை. நெஞ்சு நொந்தால் வலையை விட்டுவிட்டு உடனே கரைக்கு வாருங்கள், ஆஸ்பத்திரிக்குப் போங்கள். விசாரிக்காமல் வாசித்தது நான்" என்று சொன்னேன். மூன்று நாள் சொன்ன பிழைக்கு மூன்று நாள் சொல்வேன் என்றும் சொன்னேன். வெளியே வந்தேன். அருளப்பு கையில் இருந்த வலை ஊசியை மணலில் வைத்துவிட்டு என்னைக் கடந்து நடந்து போனான். இனி அவன் என்னோடு கதைப்பானோ தெரியாது. ஆனால் ஒரு கிழவர் கிட்ட வந்து, "அப்ப இருமக் கூடாதே?" என்று கேட்டார். மூன்று வருடமாக அதை நம்பிக்கொண்டிருந்திருக்கிறார். இன்றைக்குச் சொல்லாமல் விட்டிருந்தால்?

இந்தக் கடிதத்தை உனக்கு மட்டும் அனுப்பவில்லை. அந்த இருமல் வந்த குடும்பக் குழுவிலும் போடுகிறேன், சங்கத்துச் சுவரிலும் ஒட்டுகிறேன். உன்னைப் பார்த்து ஊர் சிரிக்க வேண்டும் என்பதற்காக இல்லை. என் பிழையும் உன் பிழையும் ஊருக்கு முன்னால் நடந்தவை, வீட்டுக்குள் வைத்து மூட முடியாதவை. நீ இப்போது என்ன நினைப்பாய் என்பதும் எனக்குத் தெரியும், நீ என் பிள்ளைதானே. சத்தமில்லாமல் அந்த வீடியோவை அழித்துவிடுவோம் என்று நினைப்பாய். அழித்துவிட்டு இருந்துவிடாதே. சாவகச்சேரித் தாய்க்கு அது அழிந்தது தெரியாது. அவர் நாளைக்கும் குளிசையை எடுக்க மாட்டார்.

ஐந்து மணிக்கு நோயாளர் பார்க்கும் நேரத்தில் அம்மாவிடம் போனேன். சீனியைக் குறைத்தால்தான் விரலை மட்டும் எடுத்துக் காலைக் காப்பாற்றலாம், இல்லாவிட்டால் புண் மேலே ஏறும் என்று வாட் டொக்டர் திரும்பவும் விளங்கப்படுத்தினார். தமிழில்தான் சொன்னார், ஆறுதலாகத்தான் சொன்னார். மிசி ஊசியோடு வந்தாள். அம்மா கையை இழுத்துச் சேலைக்குள் வைத்துக்கொண்டார். நான் கெஞ்சினேன். காலில் விழாத குறை. சவிரியண்ணையின் கதையைக்கூடச் சொன்னேன். "உங்களுக்குத் தெரியாது. என்ரை பிள்ளை எனக்குக் கூடாததைச் சொல்லுவானே? ஊசி தொடங்கினால் விடேலாது எண்டு அவன் சொன்னவன்" என்று சொல்லிவிட்டுப் போனைத் தலையணைக்குப் பக்கத்தில் சரிபார்த்து வைத்தார். வெட்டுவதற்குச் சம்மதம் என்று ஒப்பம் வைக்கிற கடுதாசியும் வெறுமையாகத்தான் கிடக்கிறது. டொக்டர் சொல்லிக் கேட்கவில்லை, மிசி சொல்லிக் கேட்கவில்லை, நான் சொல்லிக் கேட்கவில்லை.

இங்கே இருள்கிறது. உனக்கு அங்கே இப்போதுதான் விடிந்திருக்கும். எட்டு மணிக்குப் பெரிய டொக்டர் வரும்வரை உனக்கு ஒரு பகல் முழுக்க இருக்கிறது. வேலைக்குப் போகாதே. அம்மாவை எடு. பிழையாகச் சொல்லிவிட்டேன் அம்மா, ஊசியைப் போடுங்கோ என்று சொல். அதைச் சொல்லி முடித்ததும் ஒரு வீடியோ எடுத்து எல்லோருக்கும் சொல், அதே சிரித்த முகமாக இல்லாவிட்டாலும் அதே குரலில் சொல். உனக்கு அழுகை வரும். அழுதுகொண்டே சொல். நான் சொன்னதை நம்பிய மனிதரிடம் "இருமாதேங்கோ அண்ணை, திரும்பி வாங்கோ" என்று சொல்ல எனக்கு ஆள் இல்லை, தம்பி. நீ சொன்னதை நம்புகிறவர் உயிரோடு இருக்கிறார். போனைக் கையில் வைத்துக்கொண்டு, கண் மூடாமல், நீ எடுப்பாய் என்று பார்த்துக்கொண்டிருக்கிறார்.

அப்பா